காட்டுக் குதிரைகளைக் காப்பாற்றிய காமிரா

1950-ம் ஆண்டு. அமெரிக்காவில் நெவாடா என்று ஒரு மாநிலம். அதில் ரீனோ என்று ஓர் ஊர்.

காலை நேரம். ஒரு பெண்மணி தன் காரில் ஆபீசுக்குப் போய்க்கொண்டு இருந்தார். அவருக்கு முன்னால் ஒரு லாரி போயிற்று. ஆடு, மாடு ஏற்றுகிற லாரி.

அந்த லாரியின் பின்பக்கத்தில் இருந்து ஏதோ சொட்டிக்கொண்டே வந்தது.

தண்ணீர் அல்ல. ரத்தம்!

பெண்மணிக்குத் திக்கென்றது. ஆபீசை மறந்தார். லாரியின் பின்னாலேயே போனார். கடைசியில் லாரி ஓரிடத்தில் நின்றது. எட்டிப் பார்த்தார்.

உள்ளே குதிரைகள்! நிற்கவும் இடம் இல்லாமல் நெருக்கி அடைத்து இருந்தார்கள். உடம்பெல்லாம் காயம். ஒரு குட்டி கீழே விழுந்து, மற்றக் குதிரைகளின் காலடியில் மிதிபட்டுக்கொண்டு இருந்தது.

"எங்கிருந்து வருகின்றன? எங்கே போகின்றன?" என்று விசாரித்தார். மலையில் திரிந்த காட்டுக் குதிரைகள் என்று தெரிந்தது. நாய்க்கும் கோழிக்கும் தீனி செய்கிற ஆலைக்கு அவற்றை விற்கிறார்கள்!

அந்தப் பெண்மணியின் பெயர் வெல்மா ஜான்ஸ்டன். அப்போது அவருக்கு வயது 38. ஓர் இன்சூரன்ஸ் ஆபீசில் காரியதரிசி வேலை. அன்று அவர் பார்த்த காட்சியை, பிற்பாடு அமெரிக்கா முழுவதும் பார்க்கும்படி ஆயிற்று. எப்படி? போட்டோப் படங்களால்! அந்தக் கதையைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறோம்.

கண்ணாடி பார்க்காத பெண்

முதலில் வெல்மா அம்மாள் யார் என்று பார்ப்போம்.

11 வயதில் அவரை இளம்பிள்ளை வாதம் தாக்கியது. உடம்பைச் சுற்றி மாவுக்கட்டுப் போட்டு, பல மாதம் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். கட்டைப் பிரித்தபோது முதுகு வளைந்து இருந்தது. முகமும் ஒரு பக்கம் கோணிவிட்டது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கேலி செய்தார்கள். கண்ணாடியில் முகம் பார்ப்பது என்றாலே அந்தச் சிறுமிக்கு வேதனை. வீட்டில் வளர்ந்த பிராணிகள்தான் தோழர்கள். அவை கேலி செய்யாது அல்லவா?

அவர்கள் குடும்பத்தில் ஒரு கதை சொல்வது உண்டு. வெல்மாவின் தகப்பனார் கைக்குழந்தையாக இருந்தபோது, குடும்பம் பாலைவன வழியே வண்டியில் பயணம் போயிற்று. வழியில் தாய்க்குப் பால் வற்றிவிட்டது. அப்போது ஒரு காட்டுக் குதிரையின் பாலைக் கறந்து ஊட்டித்தான் குழந்தையைப் பிழைக்க வைத்தார்களாம். அந்தக் குழந்தையின் மகள்தான் ரத்தம் சொட்டிய லாரியைப் பார்த்தவர்!

மஸ்டாங் என்றால் என்ன?

குதிரை என்றால் நமக்கு எது நினைவுக்கு வரும்? அந்தக் காலத்து ஜட்கா வண்டி. கல்யாண ஊர்வலம். ஊர் எல்லையில் அய்யனார் கோவில் மண்குதிரை. கடிவாளம் இல்லாத குதிரையை நம்மில் பலர் பார்த்ததே கிடையாது.

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் கடிவாளம் அறியாத குதிரைகள் ஆயிரக் கணக்கில் இருக்கின்றன. அவற்றுக்கு "மஸ்டாங்" என்று பெயர். ஸ்பானிஷ் மொழியில் இருந்து வந்த சொல். சொந்தக்காரன் இல்லாமல் திரிகிற பிராணி என்று பொருள்.

இவை ஆதியில் இருந்தே காட்டில் பிறந்த ஜாதி அல்ல. அமெரிக்காவில் பழங்காலத்துக் குதிரைகள் சுமார் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டன. பிறகு ஸ்பெயின் தேசத்தார் கப்பலில் குதிரைகளைக் கொண்டு வந்தார்கள். 1519-ல் கோர்ட்டெஸ் என்ற தளபதி மெக்சிகோவில் இறங்கியபோது அவனுடன் 16 குதிரைகள் வந்தன. அதற்குப் பின் வந்தவை ஏராளம். கட்டு அறுத்து ஓடியவை சில. சண்டையில் எஜமானை இழந்தவை சில. ஓடிப்போனவை மலையிலும் பாலைவனத்திலும் பெருகின. பின்னால் குடியேறியவர்கள் அவிழ்த்து விட்ட குதிரைகளும் அவற்றோடு கலந்தன.

நம் கோடியக்கரை சரணாலயத்திலும் இப்படி மனிதரை விட்டு விலகித் தாமாகத் திரியும் குதிரைகள் உண்டு. அவையும் வீட்டுக் குதிரைகளின் வழியில் வந்தவைதான்.

வறண்ட ஏரியில் வேட்டை

மஸ்டாங்குகளை எப்படிப் பிடித்தார்கள் தெரியுமா?

மலை இடுக்கில் மேய்ந்துகொண்டு இருக்கும் குதிரைகளைத் தேடி ஒரு சிறிய ஆகாய விமானம் போகும். தலைக்கு மேலே தாழப் பறந்து வெருட்டும். விமானத்தில் இருப்பவன் துப்பாக்கியால் சுடுவான். குதிரைகள் மிரண்டு ஓடும். மலையை விட்டு இறங்கி, சமவெளிக்கு வந்துவிடும்.

அந்தச் சமவெளி ஒரு வறண்ட ஏரி. தரை கல்லைப்போல் காய்ந்து, மட்டமாக இருக்கும். ஒளிய மரம் இல்லை. பதுங்கப் பள்ளம் இல்லை. அங்கே லாரி காத்துக்கொண்டு இருக்கும்.

லாரியில் நிற்கிறவன் ஓடும் குதிரையின் கழுத்தில் சுருக்குக் கயிற்றை வீசுவான். கயிற்றின் மறுமுனையில் லாரி டயர் கட்டி இருக்கும். கனமான டயர். சுருக்கு விழுந்ததும் டயரைக் கீழே தள்ளிவிடுவான். குதிரை அதையும் இழுத்துக்கொண்டு ஓடும். எவ்வளவு தூரம் ஓட முடியும்? மூச்சுத் திணறி நின்றுவிடும். பிறகு காலைக் கட்டி, லாரியில் இழுத்துப் போடுவார்கள். அவ்வளவுதான்!

இந்த வேட்டையை நேரில் பார்த்தவர்கள் வெகு சிலர். ஊரில் இருந்து எத்தனையோ மைல் தள்ளி நடக்கிற காரியம். "அப்படி எல்லாம் இல்லை; குதிரைகளைப் பக்குவமாகத்தான் பிடிக்கிறோம்" என்று சொன்னால் யார் மறுப்பது?

மறுத்தது ஒரு காமிரா!

நெவாடாவில் கஸ் பண்டி என்று ஓர் ஓவியர் இருந்தார். போட்டோவும் எடுப்பார். 1951-ல் அவர் குதிரை பிடிப்பவர்களுடனேயே போய், நடந்ததை எல்லாம் படம் பிடித்தார். விரட்டும் லாரி, கிளம்பும் புழுதி, கழுத்தில் சுருக்கோடு தவிக்கும் குதிரை, தரையில் கட்டிப் போட்ட குதிரை எல்லாம் அந்தப் படங்களில் இருந்தன.

படங்கள் கறுப்பு வெள்ளைதான். ஆனால் வாய்ச் சொல்லுக்கு இல்லாத பலம் அவற்றுக்கு இருந்தது. சொல்லை மறுக்கலாம். படத்தை எப்படி மறுப்பது?

கேலிப் பெயரே புகழ்ப் பெயர்!

வெல்மா அம்மாளுக்குப் பணபலம் கிடையாது. ஆள்பலமும் கிடையாது. ஒரு டைப்ரைட்டர் இருந்தது. டைப் அடிக்கத் தெரியும். அது போதும் என்று கிளம்பிவிட்டார். பகல் எல்லாம் ஆபீஸ் வேலை. ராத்திரியில் கடிதம் அடிப்பது. பத்திரிகைகளுக்கு ஒரு கடிதம், சட்டசபை அங்கத்தினருக்கு ஒரு கடிதம், பெண்கள் சங்கத்துக்கு ஒரு கடிதம்! கணவர் சார்லி துணை நின்றார்.

1952-ல் அவர் வசித்த வட்டாரத்தில் விமானத்தில் குதிரை விரட்டத் தடை வந்தது. முதல் வெற்றி! 1955-ல் மாநிலத்திலேயே சட்டம் வந்தது.

வேடிக்கை என்னவென்றால், அந்தச் சட்டத்தால் அதிகப் பயன் இல்லை. நெவாடாவில் 100 ஏக்கர் நிலம் இருந்தால் அதில் 80 ஏக்கருக்கு மேல் மத்திய சர்க்காருக்குச் சொந்தம். குதிரைகள் திரிவது அந்த நிலத்தில்தான். அங்கே மாநிலச் சட்டம் செல்லாது! ஆகவே தலைநகரான வாஷிங்டனுக்கே போக வேண்டி வந்தது.

ஒரு கூட்டத்துக்கு வெல்மா அம்மாள் வந்தபோது, எதிர்த்தரப்பில் ஒருவர் "காட்டுக் குதிரை அன்னி" என்று கேலியாகப் பெயர் வைத்தார். சிறுவயதில் கேலிக்கு அழுதவர் இப்போது அழவில்லை. "நல்ல பெயராக இருக்கிறதே!" என்று அதையே வைத்துக்கொண்டார். இன்றும் சரித்திரத்தில் அவர் பெயர் காட்டுக் குதிரை அன்னிதான்.

1959 ஜூலை மாதம். வாஷிங்டனில் காங்கிரஸ் சபையின் கமிட்டி கூடியது. வெல்மா அம்மாள் சாட்சி சொல்லப் போனார். கையில் ஒரு கட்டுப் படங்கள்! கமிட்டி அங்கத்தினர்களில் பலர் வறண்ட ஏரியைக் கண்ணால் கண்டது இல்லை. அந்தப் படங்களில் கண்டார்கள்.

அதே ஆண்டு செப்டம்பரில் சட்டம் நிறைவேறியது. அரசாங்க நிலத்தில் விமானத்தாலோ, மோட்டார் வண்டியாலோ காட்டுக் குதிரைகளை வேட்டையாடக் கூடாது. குதிரைகள் குடிக்கும் தண்ணீரில் விஷம் கலக்கக் கூடாது. ஜனங்கள் இதற்கு வைத்த பெயர் "காட்டுக் குதிரை அன்னி சட்டம்".

சினிமா ரசிகர்களுக்கு ஒரு செய்தி. 1961-ல் "மிஸ்பிட்ஸ்" என்று ஓர் ஆங்கிலப் படம் வந்தது. மர்லின் மன்றோவும் கிளார்க் கேபிளும் நடித்தது. விமானத்தால் விரட்டுவதும், கயிற்றில் டயர் கட்டுவதும் அந்தப் படத்தில் அப்படியே வரும். நெவாடாவிலேயே எடுத்தார்கள். கேபிளுக்கு அதுதான் கடைசிப் படம்.

உயிரோடு இருக்கும் குதிரையைக் காட்டு!

1959 சட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது. இப்படி இப்படி வேட்டையாடாதே என்று சொன்னதே தவிர, வேட்டையே கூடாது என்று சொல்லவில்லை. ஆகவே குதிரைகள் குறைந்துகொண்டே வந்தன.

இப்போது இன்னொரு பெண்மணி கதைக்குள் வருகிறார். பெயர் ஹோப் ரைடன். முதலில் விமானப் பணிப்பெண்ணாக இருந்தவர். பிறகு டெலிவிஷனுக்குச் செய்திப் படம் எடுக்கும் வேலைக்கு வந்தார்.

மான்டானா, வயோமிங் என்ற இரு மாநிலங்களின் எல்லையில் பிரயர் மலை இருக்கிறது. அங்கே இருந்த காட்டுக் குதிரைகளைப் பிடித்து அப்புறப்படுத்தப் போகிறார்கள் என்று 1968-ல் செய்தி வந்தது. ஹோப் ரைடன் காமிராக்காரர்களுடன் மலை ஏறினார். அவர் எடுத்த படம் டெலிவிஷனில் வந்தது. ஜனங்கள் கொதித்து எழுந்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில், அங்கே 31,000 ஏக்கர் நிலத்தைக் காட்டுக் குதிரைகளுக்கு என்றே ஒதுக்கி உத்தரவு வந்துவிட்டது!

ஹோப் ரைடன் அத்துடன் நிற்கவில்லை. காட்டுக் குதிரைகளைத் தேடி அலைந்து படம் எடுத்து, 1970-ல் ஒரு புத்தகமே போட்டார்.

இந்த இடத்தில் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். கஸ் பண்டியின் படங்களில் குதிரை சாகப் போகிறது. பார்ப்பவருக்குக் கோபம் வரும். ஹோப் ரைடனின் படங்களில் குதிரை வாழ்கிறது. தாய் குட்டிக்குப் பால் கொடுக்கிறது. ஆண் குதிரை காவல் நிற்கிறது. பார்ப்பவருக்குப் பிரியம் வரும். எனக்கு என்னவோ, இரண்டாவது படம் எடுப்பதுதான் கஷ்டமான வேலை என்று தோன்றுகிறது.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மூட்டை மூட்டையாகக் கடிதம் எழுதினார்கள். "குதிரைகளைக் கொல்லாதீர்கள்" என்று பென்சிலால் எழுதிய கடிதங்கள்! 1971 டிசம்பர் 15-ந் தேதி, ஜனாதிபதி நிக்சன் புதிய சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அரசாங்க நிலத்தில் திரியும் காட்டுக் குதிரைகளையும் கழுதைகளையும் பிடிப்பதும் கொல்வதும் குற்றம் என்றது அந்தச் சட்டம்.

வெல்மா அம்மாள் 1977-ல் காலமானார்.

"கொஞ்சம் சிரிங்க" என்று சொல்ல முடியுமா?

கல்யாண வீட்டில் போட்டோக்காரர் "கொஞ்சம் சிரிங்க, கிட்ட வாங்க" என்கிறார். நாமும் பல்லைக் காட்டுகிறோம். காட்டுக் குதிரையிடம் யார் சொல்வது?

மஸ்டாங்கைப் படம் பிடிக்க முதலில் வேண்டியது நல்ல காமிரா அல்ல, பொறுமை. இரண்டாவதாக வேண்டியது, குதிரையின் பாஷை தெரிவது.

குதிரைக்குக் கண்கள் தலையின் இரு பக்கமும் இருக்கின்றன. ஆகவே தலையைத் திருப்பாமலே ஏறக்குறையச் சுற்றிலும் பார்க்கும். மூக்குக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும்தான் கொஞ்சம் இடம் தெரியாது. ஆகவே ஒளிந்து ஒளிந்து பக்கத்தில் போகலாம் என்று நினைத்தால் நடக்காது. ஒளிந்து வருவது யார்? புலியும் சிறுத்தையும்தான்! பதுங்கி வருபவனைக் கண்டால் குதிரைக்குச் சந்தேகம் இன்னும் அதிகம்.

கைதேர்ந்த போட்டோக்காரர்கள் வேறு வழி வைத்து இருக்கிறார்கள். குதிரைகள் தங்களைப் பார்க்கும்படியே நடப்பார்கள். நேராகப் போகாமல், வேறு எங்கோ போவதுபோல் பக்கவாட்டில் போவார்கள். உற்றுப் பார்க்க மாட்டார்கள். கொஞ்ச தூரம் போனதும் தரையில் உட்கார்ந்துவிடுவார்கள். அப்புறம் ஒரு மணி நேரமோ, இரண்டு மணி நேரமோ சும்மா இருப்பார்கள். குதிரைகள் "இது ஆபத்து இல்லாத ஆசாமி" என்று முடிவு கட்டி, தலையைக் குனிந்து மேய ஆரம்பிக்கும். அதன் பிறகுதான் காமிராவுக்கு வேலை!

குதிரையின் காதுகளைப் பார்க்க வேண்டும். இரண்டு காதும் உங்கள் பக்கம் நிமிர்ந்து நின்றால், அது உங்களைக் கவனிக்கிறது. மேய்வதை நிறுத்தித் தலையைத் தூக்கினால், நீங்கள் வரம்பு மீறிவிட்டீர்கள். நின்ற இடத்தில் நிற்க வேண்டும். காதுகளைப் பின்னால் சாய்த்து மடக்கினால் கோபம். பின்வாங்குவது நல்லது.

ஒரு கூட்டத்துக்கு ஓர் ஆண் குதிரை. சில பெட்டைகள். குட்டிகள். இது ஒரு குடும்பம். பெட்டைகளில் அனுபவசாலி ஒன்று முன்னால் போகும். தண்ணீருக்கும் மேய்ச்சலுக்கும் வழி காட்டும். ஆண் குதிரை பெரும்பாலும் பின்னால் வரும். நம் கிராமத்தில் கிழவி முன்னே நடக்க, கிழவர் மூட்டையோடு பின்னால் வருவது மாதிரி!

அந்த ஆண் குதிரை சில சமயம் கழுத்தைத் தரை மட்டத்துக்குத் தாழ்த்தி, பாம்பு நெளிவதுபோல் தலையை ஆட்டிக்கொண்டு, தன் குடும்பத்தை ஒரு பக்கமாக ஓட்டும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதன் பொருள், "ஆபத்து! எல்லோரும் கிளம்புங்கள்!" என்பது. அந்த ஆபத்து நீங்களாகவும் இருக்கலாம்.

இளவட்ட ஆண் குதிரைகள் தனிக் கூட்டமாகத் திரியும். வாட்டசாட்டமான ஒன்று, அடுத்த குடும்பத்துப் பெட்டையைக் கவரப் பார்க்கும். உடனே சண்டை! பின்னங்காலில் எழுந்து நின்று, முன்னங்காலால் உதைத்து, பல்லால் கவ்வும். பத்திரிகைகளில் வரும் படங்களில் பெரும்பாலும் இதுதான் இருக்கும். உண்மையில் நாளில் பெரும்பகுதி அவை மேய்வதும், வாலை ஆட்டி ஈ ஓட்டுவதும், ஒன்றின் முதுகை ஒன்று பல்லால் சொறிந்து கொடுப்பதுமாகத்தான் இருக்கின்றன. சண்டை என்பது சில விநாடி. அந்தச் சில விநாடிக்காகப் போட்டோக்காரர் பல நாள் காத்து இருக்கிறார்.

வெளிச்சமும் முக்கியம். உச்சி வெயிலில் எடுத்தால் குதிரையின் வயிறும் முகமும் நிழலில் கறுத்துவிடும். சூரியன் எழும் நேரமும், சாயும் நேரமும்தான் நல்ல நேரம். சாயங்காலம் தண்ணீர்த் துறைக்குக் கூட்டம் வரும்போது, குளம்படியில் கிளம்பும் புழுதி சூரிய ஒளியில் பொன்னாக மாறும். ஆனால் துறைக்கு மிக அருகில் உட்காரக் கூடாது. தாகத்தோடு வந்த குதிரை ஆளைக் கண்டு குடிக்காமல் திரும்பிவிட்டால், அந்தப் பாவம் யாரைச் சேரும்? பாலைவனத்தில் அடுத்த தண்ணீர் பல மைல் தள்ளி இருக்கும்.

ஓடும் குதிரையைப் படம் எடுப்பது இன்று பெரிய காரியம் அல்ல. காமிராவின் கண் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் திறந்து மூடும். ஆனால் 1878-ல் மைபிரிட்ஜ் என்பவர் கலிபோர்னியாவில் காமிராக்களை வரிசையாக வைத்து, நூல் கட்டி, பழகிய பந்தயக் குதிரையை ஓட விட்டுத்தான் முதல் முதலில் இதைச் சாதித்தார். ஓடும்போது ஒரு கணம் நான்கு காலும் தரையில் இருப்பது இல்லை என்பதை அப்போதுதான் உலகம் கண்ணால் கண்டது!

பிஸ்கெட் கொடுத்தால் பிராணனுக்கு ஆபத்து

பிரயர் மலையில் 100 அடிக்குக் கிட்டே போகக் கூடாது என்று சொல்லி இருக்கிறார்கள். கிழக்குக் கடற்கரையில் அசட்டீக் என்று ஒரு தீவு இருக்கிறது. அங்கேயும் குதிரைகள் சுதந்திரமாகத் திரிகின்றன. அங்கே 40 அடி. ஒரு பஸ்ஸின் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இந்தக் கட்டுப்பாடு? குதிரை உதைக்கும், கடிக்கும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் வேறு. அசட்டீக் தீவுக்கு வருகிறவர்கள் ஆசையாகத் தின்பண்டம் நீட்டுவார்கள். படத்துக்கு நன்றாக இருக்குமே! ருசி கண்ட குதிரை மேய்ச்சலை விட்டு ரோட்டு ஓரத்துக்கு வரும். கார் வந்தால் விலகாது. அப்படிக் கார் மோதிச் செத்த குதிரைகள் உண்டு.

குட்டி பிறக்கும் பருவத்தில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். குட்டி பிறந்த ஓரிரண்டு மணி நேரத்தில் எழுந்து நின்றுவிடும். ஆனால் கால் தள்ளாடும். அந்த நேரத்தில் தாயை மிரட்டி ஓட வைத்தால், குட்டி பின்தங்கிவிடும்.

மேகம் என்று ஒரு குதிரை

1995 மே 29-ந் தேதி. பிரயர் மலையில் ஜிஞ்சர் காத்ரென்ஸ் என்ற பெண்மணி சினிமாக் காமிராவுடன் காத்து இருந்தார். ராவன் என்ற கறுப்புக் குதிரையின் குடும்பத்தை அவர் சில காலமாகவே படம் எடுத்து வந்தார்.

மரங்களுக்கு இடையில் இருந்து ஒரு தாய்க்குதிரை வெளியே வந்தது. அதன் பின்னால் தள்ளாடித் தள்ளாடி ஒரு குட்டி. ஏறக்குறைய வெள்ளை! அன்று பிறந்த குட்டி. அதற்கு "கிளவுட்" என்று பெயர் வைத்தார். மேகம் என்று அர்த்தம்.

அன்று தொடங்கி அந்தக் குட்டியை அவர் விடவில்லை. மேகம் வளர்ந்தான், இளவட்டக் கூட்டத்தில் சேர்ந்தான், சண்டை போட்டான், தோற்றான், பிறகு ஜெயித்தான், குடும்பத் தலைவன் ஆனான். எல்லாம் படமாயிற்று. 2001-ல் முதல் படம் டெலிவிஷனில் வந்தது. பிறகு 2003-லும் 2009-லும் தொடர்ச்சி வந்தது. பிறந்த நாள் முதல் ஒரு காட்டுக் குதிரையின் வாழ்க்கை முழுவதையும் படம் பிடித்த காரியம் இது! இருபது வயது வரை அந்த மலையிலேயே மேகம் வாழ்ந்தான்.

இன்று என்ன நிலைமை?

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 1971-க்கு முன்னால் குதிரை குறைந்து போவதுதான் கவலை. இன்று கவலை தலைகீழாக மாறி இருக்கிறது. பெருகிவிட்டன!

2020-ல் எடுத்த கணக்குப்படி, அரசாங்க நிலத்தில் குதிரைகளும் கழுதைகளுமாகச் சுமார் 95,000 இருந்தன. "நிலம் தாங்கக் கூடியது சுமார் 27,000 தான்" என்கிறது நில நிர்வாக இலாகா. அதற்கு மேல் போனால் புல் அழியும், தண்ணீர் வற்றும், குதிரைகளே பட்டினி கிடக்கும் என்கிறார்கள். "அதே நிலத்தில் தனியார் மாடுகளை மேய விடுகிறீர்களே! குதிரை மட்டும்தான் பாரமா?" என்று குதிரைப் பிரியர்கள் கேட்கிறார்கள். இரு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது.

1976-ல் வந்த ஒரு சட்டம், குதிரைகளை ஓட்டிப் பிடிக்க இலாகாவுக்கு ஹெலிகாப்டர் உபயோகிக்க அனுமதி கொடுத்துவிட்டது. வெல்மா அம்மாள் எதை எதிர்த்தாரோ அதே ஆகாய மார்க்கம்! ஆனால் இப்போது தீனி ஆலைக்கு அல்ல. பிடித்தவற்றை வளர்க்க விரும்புகிறவர்களுக்குக் கொடுக்கிறார்கள். யாரும் வாங்காதவற்றை அரசாங்கச் செலவில் பட்டிகளிலும் மேய்ச்சல் நிலங்களிலும் வைத்துப் பராமரிக்கிறார்கள். அப்படி இருப்பவை 60,000-க்கு மேல்.

பிடிக்கும் முறையில் ஒரு தந்திரம் உண்டு. பழக்கிய குதிரை ஒன்றை வழியில் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஹெலிகாப்டருக்குப் பயந்து கூட்டம் நெருங்கி வந்ததும், அதை அவிழ்த்து விடுவார்கள். அது நேரே பட்டிக்குள் ஓடும். தன் இனம்தானே முன்னால் ஓடுகிறது என்று நம்பி, கூட்டமும் பின்னாலேயே ஓடிப் பட்டிக்குள் மாட்டிக்கொள்ளும். இந்தப் பழக்கிய குதிரைக்கு, ஏசுநாதரைக் காட்டிக் கொடுத்தவனின் பெயரால் "யூதாஸ் குதிரை" என்று பெயர்!

பிடிப்பதற்குப் பதிலாகக் குட்டி போடாமல் தடுக்கும் வழியும் இருக்கிறது. மருந்து ஏற்றிய ஊசியைத் துப்பாக்கியால் எய்து, பெட்டைக்குச் செலுத்துகிறார்கள். எந்தப் பெட்டைக்கு ஊசி போட்டோம் என்று எப்படித் தெரியும்? இங்கே மறுபடியும் காமிரா வருகிறது. ஒவ்வொரு குதிரையையும் இரு பக்கமும் படம் எடுத்து வைத்து இருக்கிறார்கள். நெற்றியில் வெள்ளைச் சுட்டி எவ்வளவு பெரிது, எந்தக் காலில் வெண்மை, எங்கே தழும்பு என்பதெல்லாம் அதில் இருக்கும். குதிரைக்குச் சுழி பார்ப்பது நம் ஊர் வழக்கம். அது மாதிரிதான் இதுவும். ஆனால் யோகம் பார்க்க அல்ல, ஆள் அடையாளம் பார்க்க. தாய் யார், தகப்பன் யார், எந்த ஆண்டு பிறந்தது என்று, ரேஷன் கார்டு மாதிரி ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பதிவு! இந்த வேலையைப் பல இடங்களில் ஊர்க்காரர்களே சம்பளம் வாங்காமல் செய்கிறார்கள்.

ஹெலிகாப்டர் விரட்டலைப் படம் எடுப்பதிலும் தகராறு வந்தது. 2010-ல் நெவாடாவில் நடந்த ஒரு விரட்டலைப் படம் எடுக்க லாரா லீ என்ற பெண் பத்திரிகையாளர் போனார். பட்டி அருகில் விடவில்லை. தூரத்தில் நிறுத்திவிட்டார்கள் என்று வழக்குப் போட்டார். கீழ்க்கோர்ட்டு அவருக்குச் சாதகமாக உத்தரவு போட மறுத்தது. அப்பீல் கோர்ட்டு 2012 பிப்ரவரியில் அந்த உத்தரவைத் தள்ளியது. அரசாங்கம் செய்கிற காரியத்தைப் பத்திரிகைக்காரர் பார்ப்பது உரிமை சம்பந்தப்பட்ட விஷயம்; தடுத்ததற்குத் தக்க காரணம் இருந்ததா என்று நன்றாக ஆராய வேண்டும் என்று சொல்லி, வழக்கைத் திருப்பி அனுப்பியது.

கஸ் பண்டி எடுத்த படங்கள் ரீனோவில் உள்ள நெவாடாப் பல்கலைக்கழகத்தில் பத்திரமாக இருக்கின்றன. அதே நெவாடாவில், விரட்டல் நடக்கிற நாட்களில் போட்டோக்காரர்கள் விடியும் முன்பே எழுந்து போய்விடுகிறார்கள். அதிகாரிகள் காட்டிய மேட்டில் நீளமான லென்ஸ் போட்ட காமிராவை ஊன்றி வைத்துக்கொண்டு, குளிரில் கையைத் தேய்த்தபடி உட்கார்ந்து இருப்பார்கள். தூரத்தில் ஹெலிகாப்டர் சத்தம் கேட்கும். அடிவானத்தில் ஒரு கோடு மாதிரிப் புழுதி கிளம்பும். எல்லோரும் காமிராவில் கண்ணை வைப்பார்கள்.